டிக் ஃபீவர்: பெங்களூரில் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி என்று நம்மவர்கள் நிறைய வசிக்கும் பகுதிகளில் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடங்களாக நாய் வளர்க்கிறேன், தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுகிறேன், முடியாமல் கிடப்பதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த நோயில் டாக்டர் செய்வது பாதி, மீதி வீட்டில்தான் நடக்கிறது. காய்ச்சல் இறங்கிய நாளோடு நோய் முடிந்துவிட்டதாக நினைத்து மாத்திரையை நிறுத்தியதால் திரும்ப விழுந்த நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிக் ஃபீவர் என்பது ஒரே நோயா?

இல்லை. உண்ணி கடித்து நாய்க்கு வரும் பல நோய்களுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் அது. நம் ஊரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு பாக்டீரியாக்கள். முதலாவது எர்லிக்கியா கேனிஸ். இது ரத்த வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகும். 1935ல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதனால்தான். இரண்டாவது அனாப்ளாஸ்மா பிளாட்டிஸ். இது ரத்தத் தட்டணுக்களையே, அதாவது பிளேட்லெட்டுகளையே, தாக்கும். பெரும்பாலும் லேசாக வந்து போகும். எர்லிக்கியாவோடு சேர்ந்து வந்தால் நிலைமை மோசமாகலாம்.

இவற்றோடு பபேசியா என்ற பெயரையும் டாக்டர் சொல்வார். அது பாக்டீரியா அல்ல, மலேரியாக் கிருமி போல சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒட்டுண்ணி. மருந்தும் வேறு. பபேசியா கிப்சோனி என்ற வகையை 1910ல் பேட்டன் என்ற விஞ்ஞானி முதலில் விவரித்தது நம் மெட்ராஸில்தான். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் அதைக் கண்டார், பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். ஒரே நாய்க்கு எர்லிக்கியாவும் பபேசியாவும் சேர்ந்து வருவது சாதாரணம். 'டிக் ஃபீவர்தான், தெரியும்' என்று போன தடவை எழுதிக் கொடுத்த மாத்திரையையே வாங்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

ஊரிலிருந்து போன் செய்து, செய்தியில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்களே, இதுவா அது என்று கேட்கிறார்கள்.

அது வேறு. தமிழ்நாட்டுச் செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடித்து மனிதர்களுக்கு வருவது. உங்கள் நாயிடமிருந்து அது வராது.

ஒரே ஒரு உண்ணிதான் இருந்தது. அதற்கே நோய் வருமா?

வரும். எத்தனை என்பதைவிட, அந்த உண்ணி இதற்கு முன் நோயுள்ள நாயைக் கடித்ததா என்பதுதான் விஷயம். எர்லிக்கியாவைச் சுமக்கும் உண்ணி ஒட்டிக்கொண்ட 3 மணி நேரத்திலேயே கிருமியை உள்ளே விடலாம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதாவது காலையில் வாக்கிங் போய் வந்து, சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பித் தேடி எடுத்தால் நேரம் கடந்திருக்கலாம். ஆண் உண்ணிகள் ஒரு நாயிலிருந்து இறங்கி இன்னொரு நாய்க்குப் போகும் பழக்கம் உள்ளவை. கிருமி ஏறிய உண்ணி, நாயை விட்டு விழுந்து 5 மாதம் கழித்துக்கூட அடுத்த நாய்க்கு நோயைக் கடத்த முடியும்.

இன்னொன்று: உடம்பில் உண்ணியே தென்படவில்லை என்பதால் டிக் ஃபீவர் இல்லை என்று ஆகாது. கடித்து 8 முதல் 20 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் உண்ணி வயிறு நிரம்பி விழுந்து எங்கோ போயிருக்கும்.

எங்கள் நாய் மூன்றாவது மாடி பிளாட்டை விட்டு இறங்குவதே இல்லை. அதற்கு எப்படி உண்ணி வந்தது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நம் நாய்களைப் பிடிப்பது பழுப்பு நாய் உண்ணி. உண்ணிகளிலேயே வீட்டுக்குள் முழு வாழ்க்கையையும் நடத்திவிடக் கூடியது இது. முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டு கால் இளம் உண்ணி, முழு உண்ணி என்று நான்கு பருவம். முட்டை தவிர மற்ற மூன்று பருவத்திலும் நாயின் ரத்தம்தான் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்து, விழுந்து, ஒளிந்து, தோலுரித்து, மறுபடி நாயைத் தேடி வரும்.

வயிறு நிரம்பிய பெண் உண்ணியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பசியில் 3 மில்லிமீட்டர் இருந்தது 12 மில்லிமீட்டர் வரை உப்பி, சாம்பல் நிறமாகி, நடக்கச் சிரமப்பட்டுக்கொண்டே நடக்கும். தரையில் தங்காது, சுவரில் ஏறும். நாய் படுக்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில், மின்சாரப் பெட்டியின் ஓரம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில், திரைச்சீலையின் மேல் மடிப்பில், சில சமயம் கூரையும் சுவரும் சேரும் மூலையில் போய் ஒரு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். 4000 வரை இடுவது உண்டு. அங்கிருந்து குஞ்சுகள் இறங்கி வரும். சாப்பாடு கிடைக்காத முழு உண்ணி ஒரு வருடத்துக்கு மேலேயும் உயிரோடு காத்திருக்கும். நீங்கள் குடிவருவதற்கு முன் இருந்தவர் நாய் வளர்த்திருந்தால் அந்தச் சுவரையும் சேர்த்துத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள்.

லிஃப்ட், மாடிப்படி, பக்கத்து வீட்டு நாய், போர்டிங், குளிப்பாட்டும் கடை, ஊருக்குப் போய் வந்த கார் சீட் என்று வழிகள் இன்னும் உண்டு.

பெங்களூரில் இது ஏன் இவ்வளவு அதிகம்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கடும் குளிரும் கடும் வெயிலும் இல்லாத ஊர். நமக்கு எது சுகமோ அது உண்ணிக்கும் சுகம். வருடம் முழுக்கப் பெருகும், வெயில் ஏறும் மாதங்களில் இன்னும் வேகமாக. தவிர, மாநகராட்சியின் 2023 கணக்கெடுப்பில் தெருநாய்கள் மட்டும் சுமார் 2.8 லட்சம். தெருநாய்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டு நாயும் தெருநாயும் ஒரே நடைபாதையில் ஒரே மரத்தடியை முகர்கின்றன. தெருநாய்க்கும் சேர்த்து மருந்து போட்டால்தான் நம் வீட்டு நாய்க்கும் நல்லது.

என்ன அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

நோய் மூன்று கட்டமாக நகரும். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதல் கட்டம் 2 முதல் 4 வாரம். நாய் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வாசல் மணி அடித்தாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். காய்ச்சல், கண்ணில் பீளை, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டுவது, நடை தாங்கித் தாங்கி இருப்பது, எடை குறைவது எல்லாம் வரலாம். பலர் 'வெயிலுக்கு அப்படி இருக்கு', 'நேற்று எலும்பு தின்றது ஒத்துக்கொள்ளவில்லை' என்று இரண்டு நாள் தள்ளுவது இந்தக் கட்டத்தில்தான். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாவது கட்டம் ஏமாற்றுவது. மருந்தே கொடுக்காவிட்டாலும் நாய் தேறிவிடும். சாப்பிடும், ஓடும், வாலாட்டும். ஆனால் கிருமி உள்ளேயே, முக்கியமாக மண்ணீரலில், தங்கியிருக்கும். பிளேட்லெட் மட்டும் கொஞ்சம் குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட இப்படியே போகலாம். சில நாய்கள் தாமாகவே கிருமியை வென்றுவிடும்.

வெல்லாத நாய்களுக்கு வருவது மூன்றாவது கட்டம். எலும்பு மஜ்ஜை சோர்ந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறையும். மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பது, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை மங்குவது, சிறுநீரகம் கெடுவது. இந்த நிலையில் கொண்டுவரும் நாய்களைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இந்தக் கட்டம் கடுமையாக வரும் என்பது தெரிந்த விஷயம். அந்த இனம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

வீட்டிலேயே எதைச் சோதித்துப் பார்க்கலாம்?

மூக்கைத் தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 102 என்றால் காய்ச்சல், நாய்க்கு அது சாதாரணம். 103ஐத் தாண்டினால் கவனியுங்கள்.

அடுத்தது ஈறு. உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலால் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி ரோஜா நிறமாக வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. ஈறு இயற்கையிலேயே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

அப்புறம் வயிறு. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, முடி குறைவான அடிவயிற்றையும் தொடையின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ஒன்றை அழுத்திப் பாருங்கள். பூச்சிக்கடியோ அலர்ஜியோ என்றால் பெரும்பாலும் அழுத்தும்போது சிவப்பு மறைந்து திரும்பும். அழுத்தியும் மறையாமல் அப்படியே இருந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எப்போது அவசரமாக ஓட வேண்டும்?

மூக்கில் ரத்தம், ஈறு வெள்ளையாக இருப்பது, கறுப்பு மலம், சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, எழுந்து நிற்க முடியாமை, மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்புங்கள். சிறுநீர் அப்படிப் போனால் பபேசியாவாக இருக்கலாம், தள்ளிப்போடவே கூடாது. மூக்கில் ரத்தம் வரும் நாயை அமைதியாக உட்கார வைத்து, மூக்குத் தண்டின் மேல் குளிர்ந்த துணியை வைத்தபடி கொண்டுபோங்கள். மூக்குக்குள் பஞ்சைத் திணிக்காதீர்கள்.

டாக்டர் என்னென்ன டெஸ்ட் எழுதுவார்? எல்லாம் தேவையா?

முதலில் முழு ரத்தப் பரிசோதனை. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். நாய்க்கு பிளேட்லெட் பொதுவாக 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். டிக் ஃபீவரில் அது 1 லட்சத்துக்கும் கீழே சரியும். எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 'ஸ்மியர் பார்த்தீர்களா?' ரத்தம் எடுக்கும்போது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைவாகக் காட்டிவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒரு ஆள் பார்த்தால்தான் நிஜம் தெரியும். அதே தகட்டில் பபேசியாவும் தென்படலாம். எர்லிக்கியா மட்டும் ஸ்மியரில் கண்ணில் படுவது அபூர்வம். 'ஸ்மியரில் ஒன்றும் இல்லை' என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை.

அடுத்தது கிட் டெஸ்ட். சில துளி ரத்தம் விட்டு 10, 15 நிமிடத்தில் கோடு பார்ப்பது. இது கிருமியைக் காட்டுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைக் காட்டுகிறது. அது உருவாக வாரக்கணக்கில் ஆகும். அதனால் காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாளில் கிட் நெகட்டிவ் காட்டலாம். மாறாக, எப்போதோ வந்து சரியாகிப்போன நாய்க்கும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம்.

பிசிஆர் என்பது கிருமியின் மரபணுவையே தேடுவது. எந்தக் கிருமி, ஒன்றா இரண்டா என்று தெளிவாகச் சொல்லும். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே இதற்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். ரிசல்ட் வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கத் தேவையில்லை, குழாய் லேபுக்குப் போனதும் மாத்திரையைத் தொடங்கலாம். பணம் இடிக்கிறது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முழு ரத்தப் பரிசோதனையும் ஸ்மியரும்தான் முதலில் வேண்டியவை என்பது என் அபிப்பிராயம். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் நாய்களைப் பார்க்கிறார்கள், அங்கேயும் விசாரிக்கலாம்.

கிட் பாசிட்டிவ், ஆனால் நாய் துள்ளி விளையாடுகிறது. மருந்து கொடுக்கணுமா?

பிளேட்லெட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது நான் சொன்ன இரண்டாவது கட்டமாக இருக்கலாம், சிகிச்சை தேவை. எல்லா எண்ணும் சரியாக இருந்தால் டாக்டர் பிசிஆர் சொல்வார், அல்லது சில வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார். கோட்டுக்கு வைத்தியம் பார்க்காமல் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருந்தால் நல்லது.

இரண்டே நாளில் நாய் சரியாகிவிட்டது. அப்புறம் எதற்கு 28 நாள் மாத்திரை?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். எர்லிக்கியாவுக்கான மருந்து டாக்ஸிசைக்ளின். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ, 28 நாள். முதல் கட்டத்தில் ஆரம்பித்தால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, நாய் தட்டை நக்க ஆரம்பித்துவிடும். இரண்டு வாரத்தில் பிளேட்லெட் ஏறிவிடும்.

ஆனால் இந்த மருந்து கிருமியை நேராகக் கொல்வதைவிட, அது பெருகுவதைத் தடுக்கும் வகை. கிருமியோ வெள்ளையணுவுக்குள்ளேயே பதுங்கியிருப்பது. பெருக முடியாமல் நிற்கும் கிருமியை உடம்பு தேடித்தேடி அழிக்க நாள் வேண்டும். 7 நாளில் நிறுத்தினால் மிச்சமிருப்பது மண்ணீரலில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்க்க நாய் நன்றாக இருக்கும். நீங்களே கையைப் பிடித்து அதை இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டதாக ஆகிவிடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மூக்கில் ரத்தம் வந்து நிற்கும்போது அந்தப் பழைய காய்ச்சல் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செல்போனில் அலாரம் வையுங்கள். காலண்டரில் 28 கட்டத்தைப் பேனாவால் சுற்றி, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். வீட்டில் யார் கொடுப்பது என்று ஒருவரையே பொறுப்பாக்குங்கள். 'நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்' என்பதில்தான் பாதி மாத்திரை போகிறது. வாரம் ஒன்று ஆனதும் ஒரு ரத்தப் பரிசோதனை, கோர்ஸ் முடிந்ததும் ஒன்று, அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்பத் தலைதூக்கினால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மாத்திரை போட்டாலே வாந்தி எடுக்கிறது. தயிர்சாதத்தில் வைத்துக் கொடுக்கலாமா?

நம் வீட்டில் எந்த மாத்திரையையும் தயிர்சாத உருண்டைக்குள் வைத்துத்தான் பழக்கம். இந்த மாத்திரைக்கு மட்டும் அது வேண்டாம். பால், தயிர், பனீரில் உள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரத்தத்தில் சேரும் அளவைக் குறைக்கும். கால்சியம் டானிக், இரும்பு டானிக் இரண்டும் அப்படியே. அவற்றை 2, 3 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

வெறும் வயிற்றிலும் கொடுக்காதீர்கள். வெறும் சோறும் வேகவைத்த கோழியும் பிசைந்து பாதி சாப்பிட்டதும், ஒரு கோழித்துண்டுக்குள் மாத்திரையை வைத்து, பிறகு மீதிச் சாப்பாட்டைப் போடுங்கள். வாயைத் திறந்து உலர்ந்த மாத்திரையை அப்படியே தொண்டைக்குள் தள்ளினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பின்னாலேயே தண்ணீரோ உணவோ போக வேண்டும். அப்படியும் வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொன்னால் வேளையைப் பிரிப்பார், அல்லது வாந்திக்கு மருந்து சேர்ப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பப்பாளி இலைச் சாறு, ஈரல் சூப் இதெல்லாம்?

டெங்குவுக்குக் கொடுக்கிறார்களே என்று நாய்க்கும் கொடுக்கிறார்கள். பாட்டில் சிரப்பாகவும் கிளினிக்குகளிலேயே விற்கிறது. டாக்டர் சொன்னால் மாத்திரையோடு சேர்த்துக் கொடுங்கள். ஆனால் பிளேட்லெட் குறைவது கிருமியால். சாறு கிருமியை ஒன்றும் செய்யாது. கசப்பான இலைச் சாற்றைப் பலவந்தமாக ஊற்றி, நாய் அன்றைக்குச் சாப்பிட்ட கொஞ்சத்தையும் வாந்தி எடுத்துவிட்டால் நஷ்டம்தான். வேகவைத்த கோழி ஈரல் கொஞ்சம் சேர்த்தால் சாப்பிடாத நாயும் சாப்பிடும். அளவோடு கொடுக்கலாம், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல்.

ராத்திரி காய்ச்சலுக்கு டோலோ கொடுக்கலாமா?

வேண்டாம். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. ஐபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆஸ்பிரின் பிளேட்லெட்டின் வேலையையே தடுக்கும், ஏற்கனவே அதுதான் குறைந்திருக்கிறது. ஈரத்துணியால் பாதங்களையும் வயிற்றையும் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்து, காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போங்கள். போன தடவை மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரையையும் தொடாதீர்கள். சில நாய்களுக்கு டாக்டரே அதைக் குறைந்த நாள் கொடுப்பார், அது அவர் கணக்கு.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். யாரிடம் கேட்பது?

நாய்களுக்கும் ரத்த வகை உண்டு. முக்கியமாகப் பார்ப்பது டிஇஏ 1 என்ற வகை இருக்கிறதா இல்லையா என்று. முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய எதிர்விளைவு வராது, இருந்தாலும் பொருத்தம் பார்ப்பது நல்லது. இரண்டாவது முறை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல், ஆரோக்கியமாக, தடுப்பூசி எல்லாம் போட்டு, முக்கியமாக டிக் ஃபீவர் இல்லை என்று சோதித்ததாக இருக்க வேண்டும். உண்ணிக் கிருமி ரத்தத்தின் வழியாகவே இன்னொரு நாய்க்குப் போய்விடும். உங்கள் லாப்ரடாரோ ராஜபாளையமோ நன்றாக இருக்கிறது என்றால், கொடுக்கத் தயார் என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். நடுராத்திரியில் வாட்ஸப் குழுக்களில் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

உண்ணியை எப்படி எடுப்பது?

காது மடிப்புக்குள், கால்விரல் இடுக்கில், பட்டையின் அடியில், அக்குளில், வாலடியில் தேடுங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுங்கள். எடுத்ததை விரலால் நசுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மூடிவிடுங்கள். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம்.

தடுக்க எது நல்லது? மாத்திரையா, காலரா, முதுகில் விடும் சொட்டு மருந்தா?

என் விருப்பம் மாத்திரை. ஃப்ளூரலனர் ஒன்று கொடுத்தால் சுமார் 3 மாதம். அஃபாக்ஸோலனர், சரோலனர் என்றால் மாதம் ஒன்று. குளிப்பாட்டினாலும் போகாது, குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடித்தாலும் கையில் ஒட்டாது. எடைக்கேற்ற மாத்திரைதான் வாங்க வேண்டும். பெரிய மாத்திரையை வாங்கி இரண்டு நாய்க்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். வலிப்பு வரும் நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இந்த வகை மருந்துகளுக்கு அந்த எச்சரிக்கை உண்டு.

ஒரு குறை: உண்ணி கடித்த பிறகுதான் மாத்திரை அதைக் கொல்லும். 3 மணி நேரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அதனால் உண்ணி அதிகமுள்ள இடங்களில், கடிப்பதற்கு முன்பே விரட்டும் ஃப்ளூமெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் காலரையும் சேர்த்துப் போடச் சில டாக்டர்கள் சொல்வார்கள். ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, ஸ்ப்ரே பல வருடங்களாக இருப்பவை. அவற்றுக்கு மசியாத உண்ணிகள் உலகில் பல இடங்களில் உருவாகிவிட்டன. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள், பூனை செத்துப்போகும். அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுவது குட்டிகளுக்கும் மிகச் சிறிய இனங்களுக்கும் ஆபத்து. மாட்டுக்கு வாங்கிய மருந்தை ஊரிலிருந்து கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

வீட்டை என்ன செய்வது?

நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் திரும்ப வரும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். சோபா மடிப்பு, கட்டிலடி, சுவரோரம், திரைச்சீலை எல்லாவற்றையும் வாக்யூம் செய்து, பையை மூடிக் கட்டி அன்றைக்கே வெளியே போடுங்கள். விரிசல்களை வெள்ளைச் சிமென்ட்டால் அடையுங்கள், செலவு குறைவு, பலன் அதிகம். ஸ்ப்ரே அடிப்பதென்றால் தரையை மட்டும் அடித்துவிட்டுப் போகும் ஆளிடம் சுவரின் மேல்பகுதியையும் ஜன்னல் சட்டத்தையும் அடிக்கச் சொல்லுங்கள். காயும்வரை நாயும் குழந்தைகளும் உள்ளே வரக் கூடாது. முட்டைகள் மருந்துக்குத் தப்பிப் பொரியும் என்பதால் ஒரே தடவையில் முடியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

நாய்க்கு ஒழுங்காக மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால், வீட்டில் பொரியும் உண்ணிகள் அதைக் கடித்தே சாகும். எர்லிக்கியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போவதில்லை. புதிதாகப் பொரிந்த குஞ்சு நோயுள்ள நாயைக் கடித்தால்தான் கிருமியை வாங்கும். நாயையும் வீட்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

எங்களுக்கு வருமா? குழந்தை நாயோடுதான் தூங்குகிறது.

நாயைத் தொடுவதாலோ நக்குவதாலோ டிக் ஃபீவர் மனிதருக்கு வராது. ஆனால் இதே பழுப்பு நாய் உண்ணி மனிதரைக் கடித்தால் ரிக்கெட்சியா கொனோரி என்ற வேறொரு பாக்டீரியா வரலாம். இந்தியன் டிக் டைஃபஸ் என்பார்கள். வீட்டில் உண்ணி இருக்கும்போது யாருக்காவது காய்ச்சலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவப்புத் தடிப்பும் வந்தால், வீட்டில் நாயும் உண்ணியும் இருப்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் அதற்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும்.

ஷிவமொகா பக்கம் மலைநாட்டுக்கு டிரெக்கிங் போகிறவர்கள் கேட்கும் குரங்குக் காய்ச்சல் தனி நோய். 1957ல் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் அது, அதைப் பரப்புவது காட்டு உண்ணி.

ஒருமுறை வந்துபோனால் இனி வராதா? தடுப்பூசி உண்டா?

எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசி இல்லை. வந்துபோனதால் பாதுகாப்பும் கிடைக்காது. அடுத்த உண்ணி கடித்தால் அடுத்த காய்ச்சல்.

நாங்கள் சாப்பாடு போடும் தெருநாய்க்கு வந்தால் 28 நாள் எப்படி மாத்திரை கொடுப்பது?

முடியும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் நாயே வந்து காத்திருக்கும். முதல் நாள் மட்டும் டாக்டரிடம் கொண்டுபோய் ரத்தம் எடுத்து, எடை பார்த்து, மருந்து எழுதி வாங்குங்கள். முதலில் மாத்திரை இல்லாத கோழித்துண்டு ஒன்று, பிறகு மாத்திரை வைத்தது, உடனே மூன்றாவது துண்டைக் காட்டுங்கள். அடுத்ததை வாங்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு இன்னொருவரைப் பழக்கி வையுங்கள். ஒருநாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்காமல் வழக்கமான அளவையே தொடருங்கள், கடைசியில் ஒருநாள் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கோர்ஸ் முடிந்ததும் உண்ணி மாத்திரையையும் அதே கோழித்துண்டில் கொடுத்துவிடலாம். தெருவில் ஐந்து நாய் இருந்து, 3 மாதத்துக்கு ஒருமுறை ஐந்துக்கும் கொடுக்க நான்கு வீடுகள் செலவைப் பகிர்ந்துகொண்டால் அந்தத் தெருவில் உண்ணி கண்கூடாகக் குறையும். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறோம், வாட்ஸப் குழுவில் தேதியை எழுதி வைத்து.